குடும்பப் பெயர்: சுயம்புலிங்கம்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள் உத்தியோகம் பார்த்தார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருத்தி என் மகள். திருட்டு வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நார்வேயில் இருக்கிற ஒரு கம்பெனி தானாகவே வந்து, இவர்கள் இருவரும் ஒரே ஆள் என்று முடிவு செய்து, வேலையும் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத்தான் மனசு வரவில்லை.

வெளிநாட்டுக் கம்பெனியில், வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலையைத் தேடுகிறவர்களுக்கு இப்போது போட்டோ, பயோடேட்டா எதுவும் கிடையாது. சட்டம் வந்துவிட்டது. ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா, வயது என்ன, எந்த நாடு என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். அதனால் ஆளைப் பார்க்காமல் ஆளுடைய நிழலைப் பார்க்கிறார்கள். நிழல் என்றால், நாம் இதுவரை எங்கெங்கே என்னென்ன வேலை செய்தோமோ அந்தத் தடயத்தையெல்லாம் கணினி கூட்டிச் சேர்த்து வைத்திருக்கிற கட்டு. பெயரும் விலாசமும் கொடுத்தால் போதும், மற்றதை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். பேட்டியில் நம் குரல்கூட நம் குரலாகக் கேட்காது. ஆண் குரலும் இல்லாத, பெண் குரலும் இல்லாத ஒரு நடுக்குரலாக அதை மாற்றி, அவர்கள் மொழியில் அவர்களுக்குக் கேட்க வைப்பார்கள். அவர்கள் பேசுவது நமக்குத் தமிழில் கேட்கும், அதுவும் பாடப்புத்தகத் தமிழில்.

என் மகள் கவிப்பிரியா சரக்குப் போக்குவரத்து பற்றிப் படித்தவள். படித்து முடித்ததிலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். ‘உங்கள் நிழல் போதவில்லை’ என்றே பதில் வரும். வேலை செய்தால்தானே நிழல் வளரும், நிழல் இருந்தால்தானே வேலை கிடைக்கும் என்று அவள் கேட்பாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னிடம் கேட்பாள்.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கம்பெனியில், கப்பலில் எந்தக் கன்டெய்னரை எங்கே அடுக்குவது என்று திட்டம் போடுகிற வேலையில் தலைமுடி நரைத்தவர். அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டதும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பெரிய நிழல்தான். ஆனால் பழசு என்று எவனும் தொடவில்லை. டிவியைப் போட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். சவரம் செய்வதுகூட நின்றுபோனது.

நான் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். மாப்பிள்ளை வீட்டுக்கு ஏசி அறை எத்தனை, முதல் பந்தியில் யார், சாம்பார் தீர்ந்துபோனால் எந்தச் சம்பந்தியை முதலில் சமாதானம் செய்வது, இதுதான் என் தொழில். மண்டபத்தில் எல்லோருக்கும் நான் மேடம். வீட்டில் அம்மா. அவருக்கு ‘ஏளா’. அதுவே போதும் என்றுதான் இருந்தேன்.

வேலை கிடைத்த சேதி ஒரு வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது.

“அம்மா! ஓகே ஆயிருச்சு! நார்வே கம்பெனி! சம்மதம்னு அமுக்கப் போறேன்” என்று கவி குதித்தாள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “வியாழக்கிழமைட்டி. மூணு மணி வரைக்கும் ராகு காலம். முடியட்டும்.”

“ஏளா, நார்வேக்காரனுக்கு ராகு யாரு, கேது யாரு? அந்த ரெண்டு பேரும் ஒனக்கு மட்டுந்தான் வேலை பாக்கானுவ” என்றார் அவர், டிவியைவிட்டுத் தலையைத் திருப்பாமல்.

மூன்று மணி தாண்டியதும்தான் விரலை வைக்க விட்டேன். அதற்குள் கம்பெனி பயந்துபோய், இன்னும் யோசனையா என்று கேட்டுச் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தது. நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் டிவியையே பார்த்தார்.

வேலை இதுதான்: கப்பலுக்குக் கணினியே திட்டம் போட்டுவிடும். அதற்குச் சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் மனுசனைக் கேட்கும். மனுசன் முடிவையும் சொல்லி, அதற்குக் காரணத்தையும் எழுத வேண்டும். பகல் வேலைதான். எந்த ஊரில் சூரியன் இருக்கிறதோ அந்த ஊர்க்காரனைத்தான் கணினி கேட்கும்.

முதல் நாளே நடுக்குரல் கேட்டது. “வணக்கம் சுயம்புலிங்கம். கருவாட்டுக் கன்டெய்னர் ஒன்றும் தேயிலைக் கன்டெய்னர் ஒன்றும் ஒரே வரிசையில் வருகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் நீங்கள் திட்டத்தையே மாற்றினீர்கள். அந்த அனுபவத்தை இங்கே பயன்படுத்த முடியுமா?”

கவிக்கு முகம் வெளுத்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் அவள் பள்ளிக்கூடத்தில் பாவாடை சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். டிவி முன்னால் இருந்த மனுசன் எழுந்தே வந்துவிட்டார்.

“அது நான் பண்ணுனதுல்லா! பெட்டி பழசுன்னா கதவு ரப்பர் இத்துப் போயிருக்கும். தேயில வாடைய இழுத்துக்கிடும். நடுவுல நாலு காலிப் பெட்டி போடச் சொல்லு.”

கவி அப்படியே சொன்னாள். நடுக்குரல் நன்றி சொல்லியது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்து அவளே கண்டுபிடித்தாள். விண்ணப்பத்தில் முதல் பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. அதுவரை இனிஷியலை மட்டும் போட்டுவந்தவள், நம் பிள்ளைகள் எல்லாம் செய்கிற மாதிரி இந்த முறை அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள்.

“அவங்க ஊர்ல குடும்பப் பேருன்னா ஆயிரம் பேருக்கு இருக்கும்மா. கம்ப்யூட்டர் உலகம் பூரா தேடிருக்கு. சுயம்புலிங்கம் குடும்பத்துல ஒரே ஒரு ஆள்தான் கெடச்சிருக்காரு, அதுவும் முதல் பேர் இல்லாம. அதே விலாசம், அதே துறை. அப்ப அந்த ஆள் நான்தான்னு அப்பா நிழலத் தூக்கி என் நிழலோட ஒட்டிருச்சு. வயசு பாக்கக் கூடாது, ஆணா பொண்ணா பாக்கக் கூடாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கும்?” கவி தலையில் கை வைத்துக்கொண்டாள். “நாளைக்கே சொல்லிருதேன்.”

“சொன்னா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும். ஒரு மாசம் பாப்பமே” என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கவி பக்கத்தில் நாற்காலியைப் போட்டார். அவரை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் நானும் உண்மையைச் சொல்லச் சொல்லி அவளை வற்புறுத்தவில்லை.

ஒரு மாதம் என்பது வருஷக்கணக்காகிவிட்டது. சரக்கின் குணம் அவருக்குத் தெரியும், கணினியின் குணம் அவளுக்குத் தெரியும். சண்டை வராத நாள் கிடையாது. நான் மண்டபத்துக் கணக்கை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் தாங்க முடியாமல்போனால் நடுவில் புகுவேன்.

ஒருமுறை இரண்டு வியாபாரிகளுக்கும் மேல் அடுக்கில் இடம் வேண்டியிருந்தது. மேலே இருந்தால்தான் முதலில் இறங்கும். பழைய வாடிக்கைக்காரனுக்குக் கொடு என்கிறார் இவர். புதிதாக வந்தவன் சரக்குதான் சீக்கிரம் கெடும் என்கிறாள் அவள்.

“ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்றேன். “புதுசா வந்தவனுக்கே குடு. ஆனா பழையவன் கேக்குறதுக்கு முன்னாடி நீயே அவன்ட்ட சொல்லிரு, அடுத்த கப்பல்ல மொத எடம் ஒங்களுக்குன்னு. ரெண்டாம் பந்தியில உக்கார யாருக்கும் வருத்தம் கெடையாது. சொல்லாம உக்கார வச்சாத்தான் சம்பந்தி சண்ட.”

கவி அதையும் காரணமாக எழுதிவிட்டாள். பந்தியை மட்டும் எடுத்துவிட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

சம்பளம் ஏறியது, பாராட்டு வந்தது. எல்லாம் ‘அன்புள்ள சுயம்புலிங்கம்’ என்றுதான் வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த பணியாளர் என்று ஒரு கண்ணாடிப் பலகையைக் கூரியரில் அனுப்பினார்கள். சுயம்புலிங்கம் என்று பொன் எழுத்தில் இருந்தது. இவரே ஏணி போட்டு ஏறி ஆணி அடித்து மாட்டினார். இறங்கி வந்து, தள்ளி நின்று பார்த்தார். கவி ஏணியைப் பிடித்தபடியே நின்றாள். கீழே ஒரு ஓரத்தில்கூட அவள் பெயர் இல்லை.

அதற்குப் பிறகு அவள் ரகசியமாக வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். எங்கே போட்டாலும் ஒரே பதில்: ‘சுயம்புலிங்கம், நீங்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறீர்கள்.’ ஒருநாள் மண்டபத்துக்கே என்னைத் தேடி வந்துவிட்டாள். பந்தி நடந்துகொண்டிருந்தது. சமையல்கட்டுக்கு வெளியே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

“கவிப்பிரியான்னு ஒருத்தி இருக்காளாம்மா? எனக்கே சந்தேகமா இருக்கு. பேசுறதுக்கு முன்னாடி அப்பா மாதிரி தொண்டையக் கனைக்கேன். அப்பா மாதிரி ‘அது நான் பண்ணுனதுல்லா’ங்கேன். அதுல பாதி நான் பொறக்குறதுக்கு முன்னாடி நடந்ததும்மா!”

இவளுக்குப் பெயர் வேண்டும். அவரிடமிருந்து அதைப் பிடுங்கினால் மறுபடி அந்தச் சத்தம் இல்லாத டிவி. சம்பந்திகளுக்குள் என்றால் நான் நொடியில் தீர்த்துவைப்பேன். இரண்டு பக்கமும் நானே சம்பந்தியாக இருந்தால் என்ன செய்வது?

தீர்ப்பைக் கணினியே ஆரம்பித்து வைத்தது. அரபிக்கடலில் ஒரு புயல் வந்த நேரம். கவி அப்பா பேச்சைக் கேட்காமல் தன் போக்கில் ஒரு கப்பலைத் திருப்பிவிட்டாள். மறுநாள் அவர் அவளைக் கேட்காமல் இன்னொரு கப்பலை நிறுத்திவைத்தார். இரண்டு முடிவும் சரியாகத்தான் போனது. ஆனால் கம்பெனியிலிருந்து சேதி வந்தது: ‘சுயம்புலிங்கம், சில காலமாக உங்கள் முடிவுகள் உங்களோடு ஒத்துப்போகவில்லை. உங்கள் நலன் குறித்துக் கவலைப்படுகிறோம். சம்பளத்துடன் ஓய்வெடுங்கள். மனநல ஆலோசகர் மாரித் உங்களோடு பேசுவார்.’

“எனக்குப் பைத்தியங்கான்” என்றார் அவர்.

“நம்ம ரெண்டு பேருக்கும்ப்பா” என்றாள் கவி.

மாரித் என்ற பெயரைக் கேட்டதுமே எனக்கு அவள் சொந்தக்காரி மாதிரி தோன்றியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அவளுக்கும் நடுக்குரல்தான், ஆனால் அவசரப்படாமல் பேசினாள்.

“சுயம்புலிங்கம், உங்களுக்குள் இரண்டு பேர் இருப்பது போல எப்போதாவது தோன்றுகிறதா?”

“தோணல. இருக்கோம்” என்றாள் கவி.

“அந்த இன்னொருவர் உங்களோடு பேசுவாரா?”

“பக்கத்துல உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருக்காரு.”

மாரித் மூச்சை இழுத்துவிட்டாள். “அவர் உங்களை எதற்காவது வற்புறுத்துகிறாரா?”

“அம்மா, வணக்கம். நாந்தான் சுயம்புலிங்கம்” என்று இவர் முறுக்கை வைத்துவிட்டுச் சொன்னார். நாங்கள் மறந்துபோனது என்னவென்றால், அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது இரண்டு பேர் பேச்சும் ஒரே நடுக்குரல். பாவம் மாரித், ஒரே ஆள் இரண்டு விதமாகப் பேசுவதாகத்தான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

“பயப்படாதீர்கள். நான் உங்களோடு இருக்கிறேன்” என்றாள்.

கவி சட்டென்று கையை நீட்டி நடுக்குரலை அணைத்தாள். அது சட்ட விரோதம். இவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கவி தன் சொந்தக் குரலில், ஆங்கிலத்தில் பேசினாள். அந்தக் குரலைக் கம்பெனி அதுவரை கேட்டதே இல்லை.

“என் பெயர் கவிப்பிரியா. பக்கத்தில் இருப்பவர் என் அப்பா. சுயம்புலிங்கம் அவருடைய பெயர். என்னுடையது இல்லை.”

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையை மாட்டிய நாளில் பார்க்காததை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். “எட்டி, என்ட்ட சொல்லிருக்கலாம்லா” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்தப் பக்கமும் நடுக்குரல் நின்றது. கொஞ்சம் கரகரப்பான, வயதான ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “உங்களைப் பார்க்காமலே இருப்பதுதான் நியாயம் என்று நாங்கள் சட்டம் போட்டோம். என்னை மன்னியுங்கள்” என்றாள் மாரித்.

தண்டனை எதுவும் இல்லை. ஒட்டியது கணினியின் தப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். ஒட்டியதைப் பிரிக்க வேண்டும், எழுதிய காரணங்களையெல்லாம் வைத்து எந்த முடிவு யாருடையது என்று கணினி பங்கு பிரிக்கும், அதுவரை பொறுங்கள் என்றார்கள். அந்த வாரங்களில் அப்பாவும் மகளும் சண்டையே போடவில்லை. வீடு அசிங்கமான அமைதியில் கிடந்தது.

பிறகு மாரித்தே அழைத்தாள். தயங்கித் தயங்கித்தான் பேசினாள்.

“கவிப்பிரியா, உங்கள் நிழல் உங்கள் பெயரில் தனியாக வந்துவிட்டது. பெரிய நிழல். இனி எங்கே விண்ணப்பித்தாலும் வேலை கிடைக்கும். சுயம்புலிங்கம், உங்களுடையதும் தனியாக இருக்கிறது. ஆனால்...” நிறுத்தினாள். “எங்கள் கம்பெனியில் இருவருக்கும் இனி இடம் இல்லை. உங்கள் அனுபவத்தைக் கணினி கற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் மகளின் கணக்கையும் கற்றுக்கொண்டுவிட்டது. பிரித்தபோது அதற்கு ஒரு சிக்கல் வந்தது. இரண்டாகப் பிரியவில்லை. மூன்றாகப் பிரிந்தது.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“நீங்கள் இருவரும் முரண்படும் இடத்தில் எல்லாம் மூன்றாவது ஒருவர் முடிவெடுக்கிறார். யாருக்கு நஷ்டமோ அவரிடம் முதலில் சொல்லிவிடுகிறார். அவர் அடுத்து என்ன சொல்வார் என்பதைத்தான் எங்கள் கணினியால் இன்னும் கணிக்க முடியவில்லை. எங்களுக்கு அவர் வேண்டும். அவர் யார்?”

கவி முதலில் சிரித்தாள். அப்புறம் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எழுந்து போய் டிவியைப் போட்டார். சத்தம் வரவில்லை.

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். முதல் பெயர்: சந்தனமாரி. மாரித் ஏன் சொந்தமாகத் தோன்றினாள் என்பது இப்போது புரிந்திருக்கும். அடுத்த கட்டம், குடும்பப் பெயர். கல்யாணம் வரை என் இனிஷியல் அப்பாவுடையது, அப்புறம் இவருடையது. கை பழக்கத்தில் ‘சு’ என்று எழுதிவிட்டது.

“அம்மா, பாத்து! அந்தப் பேரப் போட்டா மறுபடி எல்லாரையும் ஒண்ணா ஒட்டிரும்” என்றாள் கவி.

இவர் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஒட்டினால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளை நினைத்துக்கொண்டேன். ‘சு’வை அழித்துவிட்டு அந்தக் கட்டத்திலும் சந்தனமாரி என்றே எழுதினேன்.

கம்பெனி இந்த முறை உஷாராக ஒரு நிபந்தனை போட்டது. வேலை நேரம் முழுக்க மைக் திறந்தே இருக்கும், அறையில் ஒரே குரல்தான் கேட்க வேண்டும். சரி என்றேன். என் பக்கத்து நிபந்தனையையும் சொன்னேன்.

“எங்கள் வழக்கத்தில் தினமும் ஒன்றரை மணி நேரம் ராகு காலம். கிழமைக்குக் கிழமை நேரம் மாறும். அந்த நேரத்தில் நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். மைக்கை அணைத்துவிடுவேன்.”

மத நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் மறுபேச்சு பேசாமல் எழுதிக்கொடுத்தார்கள். வேலை நேரத்தையும் அதற்கேற்ப விடியற்காலையிலிருந்தே வைத்துக்கொண்டேன்.

மண்டபத்தை விட்டுவிட்டு மேஜைக்கு வந்த முதல் நாள், ஒரு கப்பலில் கொப்பரைத் தேங்காய். அது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும் சரக்காம். எங்கே வைப்பது என்று கணினிக்குச் சந்தேகம். எனக்கு என்ன தெரியும்? நிமிர்ந்து பார்த்தேன். இவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பதில் அவர் வாய்க்குள் இருந்தது, உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். மைக் திறந்திருக்கிறது, நான் அவரிடம் கேட்கக் கூடாது, அவரும் பேசக் கூடாது. அந்த நிமிஷம் அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

காலண்டரைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். “ராகு காலம் ஆரம்பிக்கிறது. பிறகு சொல்கிறேன்” என்று மைக்கை அணைத்தேன்.

“ஏங்க, டீ போட்டுருக்கேன். வந்து உக்காருங்க” என்றேன்.

கணினி அவரிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தது. அது கேட்டதைத்தான் கற்றுக்கொண்டது. கேட்காதது அவரிடம் இன்னும் மூட்டை மூட்டையாக இருந்தது.

கவி இப்போது வேறொரு கம்பெனியில், மாடி அறையில் இருந்தபடி வேலை பார்க்கிறாள். ‘அன்புள்ள கவிப்பிரியா’ என்று வந்த முதல் கடிதத்தை எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினாள். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பலகைக்குப் பக்கத்தில் இவர்தான் மாட்டினார்.

போன வாரம் மாரித் நடுக்குரல் இல்லாமல் அழைத்தாள். “சந்தனமாரி, உங்களுடைய சிறந்த முடிவுகள் எல்லாம் ராகு காலத்துக்குப் பிறகே வருகின்றன. மற்ற நாட்டுப் பணியாளர்களுக்கும் இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கம்பெனி யோசிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் என்னதான் செய்வீர்கள்?”

“எதையும் தொடங்க மாட்டோம். சும்மா பேசிக்கொண்டிருப்போம்.”

“யாரோடு?”

இவர் டீ டம்ளரை மேஜையில் வைத்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். “நான் அதை எழுதிக்கொள்ளவில்லை” என்றாள். அந்தக் கரகரப்பில் சிரிப்பு இருந்தது.

தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது இப்போது இவர்தான். ராகுவும் இல்லை கேதுவும் இல்லை என்று ஆயுசு பூரா என்னைக் கிண்டல் செய்த மனுசன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரத்தைப் பார்த்துவைத்துக்கொள்கிறார். குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ராகு காலம் எப்போது வரும் என்று காத்திருக்கிற ஆள் தூத்துக்குடியிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.